லைன் கருவி செய்த உபகாரம்

“ரூட் பாஸ்வேர்ட் எத்தனை பேருக்குத் தெரியும்?” என்று கேட்டார் இயக்குநர்.

“ரெண்டு பேருக்கு, மேடம். எனக்கு, அப்புறம் வயருக்கு.”

“போன வாரம் செவ்வாய்க்கிழமை காலைல ஒம்பதுக்கும் பத்துக்கும் நடுவுல நீங்க எங்க இருந்தீங்க?”

“பல் டாக்டர் நாற்காலியில. கடவாப்பல் எடுத்தாங்க. லீவு எழுதிக் குடுத்திருந்தேன்.”

“தெரியும். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டுப் பேசறேன். அப்ப மிச்சம் ஒருத்தர்தானே?”

பல் எடுத்த இடத்தை அவள் நாக்கு தானாகப் போய்த் தடவிக்கொண்டது. இரண்டில் ஒன்று போனால் ஒன்று. அதில் தப்புக் கண்டுபிடிக்க அவளுக்கு வழியில்லை.

அது ஒரு வானிலை நிலையம். மொட்டை மாடியில் காற்றுமானி, பின்பக்கப் புல்வெளியில் மழைமானி, நடுவில் இரண்டு தளங்களில் முப்பது சொச்சம் பேர். எல்லோருக்கும் பொதுவாகக் கீழ்த்தளத்தில் ஒரே ஒரு பெரிய கணினி. ஆளுக்கொரு கணக்கு. தன் கோப்பைத் தான் எழுதலாம், அடுத்தவர் கோப்பில் கை வைக்க முடியாது. எல்லோர் கோப்பிலும் கை வைக்கக்கூடிய கணக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதற்குப் பெயர் ரூட். பத்தொன்பது வருஷமாக அதைக் கையில் வைத்திருந்ததால் அவளுக்கு ரூட்டம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில்தான் பார்க்கலாம்.

வயர் என்பது அவளுக்கு உதவியாக இருந்தவனின் பட்டப்பெயர். கேபிள் இழுப்பது, மணிக்கொரு தரம் கோப்புகளுக்குப் பிரதி எடுப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவன். வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பித்து மூன்று வருஷம் ஓட்டிவிட்டான். இந்த மாதக் கடைசியோடு மூன்றாவதும் முடிகிறது.

தினமும் காலையில் பதிவாளர்கள் மழை, வெப்பம், காற்று அளவுகளைக் கோப்பில் ஏற்றுவார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்ன நிரல் ஓடி, பழைய கோப்புகளோடு சேர்த்து அவற்றையெல்லாம் ரூட் பெயருக்கு மாற்றிப் பூட்டிவிடும். அதைச் சீல் என்பார்கள். சீல் வைத்த எண்ணை மாற்றத் தலைமை அலுவலகத்துக்குத் திருத்தப் படிவம் போக வேண்டும். அப்படி எதுவும் போகாமலே முந்தின வாரத் திங்கட்கிழமையின் மழை அளவு பதினாறு புள்ளி நான்கிலிருந்து பதினான்கு புள்ளி ஆறாக மாறியிருந்தது. செவ்வாய் காலை ஒன்பது மணிப் பிரதியில் பழைய எண், பத்து மணிப் பிரதியில் புது எண். தலைமை அலுவலகத்தில் யாரோ பொறுமைசாலி தங்கள் நகலோடு ஒத்துப் பார்த்தபோது அகப்பட்டது.

“ரெண்டு மில்லிமீட்டர் கூட இல்ல வித்தியாசம்” என்றார் இயக்குநர். “ஆனா சீல் உடைஞ்ச ஒரு எண் இருந்தா மத்த எண்ணு எல்லாத்தையும் எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்க. நான் திங்கட்கிழமை பதில் எழுதணும்.”

“என்னன்னு எழுதுவீங்க, மேடம்?”

“வேற காரணம் நீங்க கொண்டு வரலைன்னா, வயரோட ஒப்பந்தம் நீட்டிக்கப்படாதுன்னு. ஏன்னு கேட்டா காரணமும் எழுதணும். அதுக்கப்புறம் எந்த நிலையத்துலயும் அவரை உள்ள விட மாட்டாங்க. அதுவரைக்கும் இது நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கட்டும். அவர் ரூட்டைத் தொடக் கூடாது.”

அன்று வியாழக்கிழமை.

வயர் சாமான் அறையில் இருந்தான். கணினி அறைக்குள் நுழையக் கூடாது என்றதும், சுருட்டி வைத்திருந்த கேபிளை எடுத்துப் போட்டுக்கொண்டு முனைக்கு முனை ப்ளக் மாட்ட ஆரம்பித்துவிட்டான். எட்டு நிறக் கம்பிகளை விரலால் நீவி வரிசைப்படுத்தி, வெட்டி, ப்ளக்கில் செருகி, இடுக்கியால் ஓர் அழுத்து. அறுபது எழுபது முடித்திருப்பான். அந்த அலுவலகத்துக்கு ஐந்து வருஷத்துக்குப் போதும்.

“என்னக்கா சொன்னாங்க?”

“திங்கக்கிழமை வரைக்கும் நமக்கு நேரம் குடுத்திருக்காங்க.”

“நமக்கு இல்ல. எனக்கு.”

அவள் ஒரு பழைய மானிட்டர் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். எப்படிச் சுற்றி வளைத்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்.

“நீ செஞ்சியா?”

இடுக்கி நின்றது. “மழை பதினாறா பெஞ்சா எனக்கென்ன, பதினாலா பெஞ்சா எனக்கென்ன? நான் குடை கூட வச்சுக்கிறதில்ல.”

“அது பதில் இல்லப்பா.”

“இல்லக்கா. நான் செய்யல. போதுமா? இன்னொரு தடவை சொல்லணுமா, எழுதிக் குடுக்கணுமா?”

“கோவிச்சுக்காதே.”

“கோவமெல்லாம் இல்ல. நான் செய்யலை, நீங்களும் ஆபீஸ்ல இல்ல. அப்ப யாரு, கணினி தானே பண்ணிக்கிச்சா? என்னை நானே நம்ப முடியாம இருக்கு. நீங்க எப்படி நம்புவீங்க?”

அவன் அடுத்த கேபிளை எடுத்து உறையைச் சீவினான். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் அவள் தக்காளி வெட்டினாள். நாத்தனார் அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் நர்ஸ், ஐம்பதை நெருங்குகிறாள், மேடையில் உட்காரும் பழக்கம் மட்டும் போகவில்லை. கணவர் கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு மூக்குக் கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணி, அது தக்காளியா, இல்ல உங்க இயக்குநரா? இப்படிக் கொத்தறீங்க.”

அவள் விஷயத்தைச் சொன்னாள். ஆளைச் சொல்லாமல் சொன்னாள்.

“வயர்தானே?” என்றார் கணவர், தலை நிமிராமலே.

“ஏங்க, நான் பேரே சொல்லலையே.”

“உன் வாயில வேற யாரு பேரு வரும்? மூணு வருஷமா சோத்தை விட அதிகமா அவனைத்தானே பேசற.”

“அவன் செய்யலைங்கறான்.”

“நம்பறியா?”

“நம்பறேன். ஆனா நம்பறதை எழுதிக் கையெழுத்துப் போட முடியாதே. கோப்பைப் பாத்தா ரூட் பேர்தான் இருக்கு.”

நாத்தனார் ஒரு தக்காளித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “எப்ப பாத்தீங்க?”

“எப்பன்னா? நேத்து, இன்னைக்கு.”

“எங்க வார்டுல மாத்திரை குறைஞ்சா சாயங்கால ரிஜிஸ்டரை யாரும் பாக்க மாட்டோம். அதுல ஹெட் நர்ஸ் எல்லாத்துக்கும் தானே கையெழுத்துப் போட்டு முடிச்சிருப்பாங்க. அவங்க எடுத்த மாதிரியே இருக்கும். நடுவுல ஷிப்ட் மாறின நேரத்துச் சீட்டு ஒண்ணு இருக்கும். அதைத்தான் பாப்போம்.”

கத்தி நின்றுவிட்டது. பகல் பன்னிரண்டுக்குச் சீல் நிரல் ஓடும்போது எல்லாக் கோப்பும் ரூட் பெயருக்குப் போகிறது. அதற்கு முன்னால் யார் பெயரில் இருந்தாலும் அதற்கப்புறம் ரூட்தான். பத்து மணிப் பிரதியில் எண்ணைப் பார்த்தார்கள். கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

“அண்ணி, தக்காளி.”

“நீயே வெட்டு” என்று கத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை வந்ததும் வராததுமாகக் கணினி அறையில் உட்கார்ந்து பத்து மணிப் பிரதியை எடுத்துப் பிரித்தாள். திங்கட்கிழமைக் கோப்பின் உரிமையாளர் என்ற இடத்தில் ரூட் இல்லை. மழை சாரின் கணக்கு இருந்தது.

அவளுக்கு நிம்மதி வரவில்லை, குழப்பம்தான் வந்தது. மழை சார் மூத்த பதிவாளர். மாடிப்படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டு வணக்கம் சொல்கிற மனுஷர். கணினியை அவர் தொடுவதே ஒற்றை விரலால். அவர் ரூட்டைப் பிடித்தார் என்றால் புல்வெளியில் இருக்கும் மழைமானி நடந்து வந்து பிடித்தது என்றும் சொல்லலாம்.

மேலே போனாள். பதிவாளர் அறையில் அவர் மழை அளக்கும் கண்ணாடிக் குவளையை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்கம்மா. பல்லு எப்படி இருக்கு?”

“பரவால்ல சார். ஒண்ணு கேக்கணும். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலைல, முந்தின நாள் மழைக் கோப்பைத் திறந்தீங்களா?”

“திறந்தேனே. திருத்தினேன்.”

அவள் வரும் வழியில் நாலைந்து கேள்வி தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

“திருத்தினீங்களா?”

“பதினாலு புள்ளி ஆறை, பதினாறு புள்ளி நாலுன்னு அடிச்சுட்டேன்மா. விரல் தடுமாறிடுச்சு. இதோ பாருங்க.” கையகல நோட்டைப் பிரித்துக் காட்டினார். பென்சிலில், மழைத்துளி பட்டுக் கொஞ்சம் ஊறிய தாளில், 14.6 என்று தெளிவாக இருந்தது. “மறுநாள் காலைலதான் கவனிச்சேன். தப்பு எண் கெடக்கே, அதை அப்படியே விடறதா?”

“ஆனா அது சீல் வச்ச கோப்பு சார்.”

“ஆமாமா. அதனாலதான் லைன் கருவி வழியா போனேன்.”

“எது வழியா?”

“உக்காருங்கம்மா, சொல்றேன். லைன் கெட்டு ரீடிங் லேட்டாச்சுன்னா தலைமை அலுவலகம் சும்மா இருக்குமா? லைனைச் சோதிச்சு, முடிவைக் கோப்புல சேமிச்சு அனுப்புன்னு கேக்கும். போன வருஷம் ஒரு நாள் சேமிக்கிற கோப்புக்குக் கருவி பேர் கேட்டுச்சு. பழக்க தோஷத்துல ரீடிங் கோப்போட பேரையே அடிச்சுட்டேன். சீல் வச்சது, ஏத்துக்காதுன்னு பாத்தா ஏத்துக்கிச்சு. கீழ நாலு வரி லைன் சோதனை எழுதி, கோப்பையும் என் பேருக்கு மாத்திக் குடுத்திருச்சு. பதறிப் போயி அந்த நாலு வரியை அழிச்சு மூடிட்டேன். பன்னெண்டு மணிக்குப் பாத்தா பழையபடி சீல் ஆயிருக்கு.”

“இதை எங்கிட்ட ஏன் சார் சொல்லல?”

“நீங்க பண்ணிக் குடுத்ததை உங்ககிட்டயே சொல்றதா?”

“நான் பண்ணிக் குடுத்தேனா?”

“சீனியர்னு எனக்கு மட்டும் ஒரு சலுகையா வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். வெளிய சொன்னா மத்தவங்களும் கேப்பாங்கன்னுதான் மூச்சு விடல.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் எடுத்த இடம் வலிக்க வலிக்கச் சிரித்தாள். அவரும் எதற்கென்று தெரியாமலே மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். பிறகு அவள் வயரைப் பற்றிச் சொன்னாள். அவர் துடைத்துக்கொண்டிருந்த குவளையை மேஜையில் வைத்துவிட்டார்.

“யாரும் எங்கிட்ட கேக்கலையேம்மா.”

“மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாதுன்னு உத்தரவு.”

“கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.” துணியை மடித்து வைத்தார். “சொல்லணும்னா படிவமே குடுத்திருக்கலாம்தான். முப்பத்தோரு வருஷத்துல என் பேர்ல ஒரு திருத்தப் படிவம் கூடப் போனதில்லம்மா. அதான் மனசு வரல. எத்தனை நகல் குடுக்கணும்?”

“மூணு.”

“மூணா” என்று தலையாட்டிக்கொண்டார். கன்னம் லேசாகச் சிவந்திருந்தது.

கீழே வந்து அவள் தானே செய்து பார்த்தாள். லைன் கருவி என்று அவர்கள் சொல்வது இயக்குதளத்தோடு கூடவே வருகிற சின்ன நிரல். வலைப்பின்னல் உயிரோடு இருக்கிறதா, எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்லும். அந்தத் தட்டலுக்கு ரூட்டின் அதிகாரம் வேண்டும். அதனால் யார் ஓட்டினாலும், ஓடுகிற அந்தச் சில நொடிக்கு அது ரூட்டின் கையோடு ஓடும்படி செய்தவர்கள் அமைத்திருந்தார்கள். லைனைத் தட்ட மட்டும் அந்தக் கையைப் பயன்படுத்திவிட்டுப் பிறகு கழற்றி வைக்க வேண்டும். கருவியோ முடிவைச் சேமிக்கும்போதும் அதே கையோடுதான் இருந்தது. எந்தக் கோப்பின் பெயரைச் சொன்னாலும் திறந்தது, எழுதியது, ஓட்டினவர் பெயருக்கே மாற்றியும் கொடுத்தது.

எந்த உரிமையும் இல்லாத ஒரு சோதனைக் கணக்கில் நுழைந்து, ரூட்டுக்குச் சொந்தமான ஒரு வெற்றுக் கோப்பின் பெயரைக் கொடுத்தாள். கோப்பு சோதனைக் கணக்கின் பெயருக்கு வந்தது. இதே இடத்தில் பாஸ்வேர்ட் கோப்பின் பெயரைக் கொடுத்திருந்தால் மொத்தக் கணினியும் கைக்கு வந்திருக்கும். முப்பது சொச்சம் பேரில் யார் வேண்டுமானாலும் ரூட் ஆகியிருக்கலாம். ஒரு வருஷமாக வழி தெரிந்த ஒரே ஆள் அதை ஒரே ஒரு முறை, ஒரு எண்ணைச் சரியாக்கப் பயன்படுத்தியிருக்கிறார்.

கருவியிடமிருந்து ரூட்டின் அதிகாரத்தை ஒரே கட்டளையில் பிடுங்கினாள். அப்போதுதான் உறைத்தது. இதை எங்கேயோ படித்திருக்கிறோம்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. அவள் கடிதப் பெட்டியில் ‘பிறகு’ என்று ஒரு அடுக்கு உண்டு. அதில் நான்கு மாதம் முந்தைய அறிவிப்பு இருந்தது. இயக்குதளம் செய்தவர்களே அனுப்பியது. வலைப்பின்னல் சோதனைக் கருவி முடிவைச் சேமிக்கும்போது சாதாரணப் பயனர் ஒருவர் முழு அதிகாரம் பெற இடமிருக்கிறது, அதைச் சரிசெய்யும் திருத்தத்தை உடனே நிறுவி, கணினியை ஒருமுறை நிறுத்தி இயக்கவும். கீழே ஒரு வரி: வெளியிலிருந்து வருவோரால் முடியாது, உள்ளே கணக்கு உள்ளவர்களால் மட்டுமே முடியும்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் அன்றைக்கு அவள் நிம்மதியாக மூச்சு விட்டது ஞாபகம் வந்தது. அன்றைக்கு வயரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“அக்கா, இதைப் போட்டுரலாமா? அரை மணி நேர வேலை.”

“நிறுத்தி இயக்கணுமாம்ப்பா.”

“அதான் அரை மணி.”

“நிக்காம ஓடி ஆயிரத்து எழுநூத்திப் பத்து நாள் ஆச்சு. உள்ளே இருக்கறவங்களாலதான் முடியுமாம். நம்ம ஆளுங்க யாரு, மழை எண்ணறவங்க. இவங்க எங்க போயி முழு அதிகாரம் எடுக்கப் போறாங்க? அப்புறம் பாப்போம்.”

“சரிங்கக்கா.”

கணினி அறைக் கதவில் ஒரு சிலேட்டு அட்டை தொங்கும். கணினி ஒருமுறை கூட நிற்காமல் ஓடிய நாட்களின் எண்ணிக்கை அதில் இருக்கும். பார்வையாளர்கள் வந்தால் இயக்குநரே அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார். மின்சாரம் போனபோதும், குளிரூட்டி பழுதாகி மேஜை மின்விசிறியை வைத்து ஊதியபோதும் அந்த எண்ணை அவள் கீழே விட்டதில்லை. அதைக் காப்பாற்றத்தான் திருத்தத்தைத் தள்ளிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு ரீடிங்குகளுக்கு நடுவே, திருத்தத்தை நிறுவிக் கணினியை நிறுத்தினாள். விசிறிச் சத்தம் அடங்கியதும் அறை வேறு யார் வீட்டு அறையோ போல இருந்தது. இருபத்திரண்டு நிமிஷம். ஓட ஆரம்பித்ததும் சோதனைக் கணக்கிலிருந்து மறுபடி முயன்றாள். அனுமதி இல்லை என்று வந்தது. கதவு அட்டையைக் கழற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் பூஜ்யம் போட்டாள். பழைய எண்ணை அழித்த துணியைக் குப்பையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்கு விளக்கிச் சொன்னாள்.

“புரிஞ்சுது” என்றாள் நாத்தனார். “ஸ்டோர்ல பல்பு மாத்த அட்டெண்டர்கிட்ட சாவியைக் குடுத்திருக்காங்க. அவன் பல்பையும் மாத்திட்டு, வழியில யார் என்ன மருந்து கேட்டாலும் எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்கான்.”

“கேட்டவங்க பேர்லயே எழுதியும் குடுத்திருக்கான்.”

“நல்ல ஆளு. சரி, அந்த வயர் தப்பிச்சான். அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?”

“ஒப்பந்தத்துல அவன் வேலைப் பட்டியல்னு ஒண்ணு இருக்கு. அதுல ஆறாவது வேலை, திருத்தங்கள் போடறது. நான் வேணாம்னு வாய்வார்த்தையாத்தான் சொன்னேன். காகிதத்துல பாத்தா அவன் போடாம விட்ட மாதிரிதான் இருக்கும்.”

கணவர் செய்தித்தாளை மடித்தார். “நீ சொன்னதை வேற யாராவது கேட்டாங்களா?”

“அவனும் நானும்தான்.”

“அப்ப நீயா சொன்னாத்தான் உண்டு.”

“ஆமாங்க.”

“சொல்லப் போறியா?”

“தெரியல” என்றாள். பொய் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் பேரில் ஒரு கீறல் இல்லை. இரவு படுத்ததும் தூங்கிவிட்டாள், அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை இயக்குநர் அறையில் மழை சார் முதலில் பேசினார். மூன்று நகல் படிவத்தையும் பென்சில் நோட்டையும் மேஜையில் வைத்து, நின்றுகொண்டே சொல்லி முடித்தார். இயக்குநர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “உக்காருங்க சார்” என்றார். “வேண்டாம்மா, ரீடிங் நேரம்” என்று அவர் போய்விட்டார். அடுத்து ரூட்டம்மா கருவி, பத்து மணிப் பிரதி, சோதனைக் கணக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். வயர் ஜன்னலோரம் கையைக் கட்டி நின்றான்.

“ஆக, தப்பு இயக்குதளத்துல” என்றார் இயக்குநர். “நம்ம ஆளு யாரும் பாஸ்வேர்டைத் தப்பா பயன்படுத்தல.”

“இல்ல மேடம்.”

“இதைச் செஞ்சவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். நாலு மாசம் முன்னாடியே திருத்தம் அனுப்பிட்டாங்க.”

“நாலு மாசமா?” இயக்குநர் ஒரு கோப்பை இழுத்துப் புரட்டினார். பக்கத்தை விரலால் தேடிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். “ஆறு. வரும் திருத்தங்களைத் தாமதமின்றி நிறுவுதல்.” கண்ணாடிக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தார். “இது உங்க வேலையாச்சே. ஏன் போடல?”

வயர் ரூட்டம்மாவைப் பார்க்கவில்லை. இயக்குநரைத்தான் பார்த்தான். “விட்டுப் போச்சு, மேடம்” என்றான்.

அவன் அப்படிச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு நொடி, ஒரே நொடிதான், அந்த வார்த்தை மேஜை மேல் கிடந்தது. அவள் எடுத்துக்கொள்ளாவிட்டால் அது அங்கேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

“விட்டுப் போகல, மேடம். வந்த அன்னைக்கே போடலாமான்னு கேட்டான். நான்தான் வேணாம்னேன்.”

“எழுத்துலயா?”

“வாயாலதான்.”

“ஏன்?”

“கதவுல இருக்கற எண்ணுக்காக. அப்புறம், நம்ம ஆளுங்க யாரும் செய்ய மாட்டாங்கன்னு ஒரு இது.”

இயக்குநர் பேனாவை மூடினார், திறந்தார். “அந்த எண்ணை நானும்தான் வர்றவங்களுக்கெல்லாம் காட்டினேன்” என்றார். பிறகு குரல் பழையபடி ஆனது. “உங்களைத் திட்டறதுல எனக்குப் பிரயோஜனமில்ல. இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தலைமை அலுவலகத்துக்குப் போகும். உங்க பணிக்கோப்புலயும் ஒரு நகல் இருக்கும். ஒரு வருஷத்துக்கு ரூட் உங்ககிட்ட இருக்காது.”

“சரிங்க மேடம்.”

“இவர் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி எழுதறேன். இந்த வருஷம் ரூட் இவர்கிட்ட மட்டும். இன்னைக்கே பாஸ்வேர்டை மாத்திருங்க.”

தாழ்வாரத்தில் இருவரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

“எதுக்குடா விட்டுப் போச்சுன்னு சொன்னே?”

“எப்படியும் போகப் போறவன்தானேன்னு நெனச்சேன். நீங்க இங்க இருக்கப் போறவங்க.”

“பெரிய தியாகி.”

“தியாகமெல்லாம் இல்லக்கா. நீங்க என்ன பண்ணுவீங்கன்னு பாக்கணும்னும் இருந்துச்சு.”

அவள் நின்றாள். “நான் பேசாம இருந்திருந்தா?”

“ஒப்பந்தமே வேணாம்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்” என்றான். சிரிக்கவில்லை. மெய்யாகவே போயிருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது.

கணினி அறைக்கு வந்தார்கள். அவள் பழக்கத்தில் தன் நாற்காலியை இழுத்தாள். அவன் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான், உட்காரவில்லை.

“அக்கா, பாஸ்வேர்ட் மாத்தணும்.”

“மாத்து.”

“நீங்க இங்க நிக்கக் கூடாதில்ல.”

“திரும்பி நின்னுக்கறேன்ப்பா.”

“தட்டற சத்தத்தை வச்சே எத்தனை எழுத்துன்னு சொல்லிடுவீங்க நீங்க. வெளிய நில்லுங்கக்கா. கதவைச் சாத்திக்கறேன்.”

அவன் சொன்னது சரிதான். அவனுக்கு அவள் சொல்லிக்கொடுத்ததே அதுதான் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் புடவைத் தலைப்பை மடித்துப் பிரித்துக்கொண்டு நின்றாள்.

படி இறங்கி வந்த மழை சார் ஒதுங்கி வணக்கம் சொன்னார். “என்னம்மா, உள்ள போகலையா?”

“கூப்பிடுவான் சார்” என்றாள். “ரீடிங் எவ்வளவு இன்னைக்கு?”

“மழையே இல்லம்மா. பூஜ்யம்.”

“சரியா அடிச்சீங்களா?”

“ரெண்டு தரம் பாத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு அவரும் பக்கத்தில் நின்றுகொண்டார், துணைக்கு.